கட்லா எல்லாம் ஆம்பள

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு பெங்களூர் ஜீவனஹள்ளி முனையில் ஓர் ஆட்டோ வந்து நிற்கும். முதலில் ஒரு மூங்கில் கம்பின் நுனி வெளியே வரும், ஆட்டோவுக்கு மீசை முளைத்த மாதிரி. அதன் பின்னால் ஒரு வெள்ளைத் துணித் தொப்பி. தொப்பிக்குக் கீழே ஆன்ட்டி. இறங்கியதும் அவர் என்னிடம் சொல்லும் முதல் பேச்சு குட் மார்னிங் இல்லை.

"ரெண்டும் ஆம்பளப்பா. நல்லா பார்த்துட்டேன்."

நான் கத்தியைத் தீட்டுவது போல் குனிந்துகொள்வேன்.

பாய் கடை வாசலில் மீன் வெட்டுவது என் வேலை. அப்போதும் அதுதான், இப்போதும் அதுதான். கடை மீனையும் வெட்டுவேன், வெளியிலிருந்து யார் கொண்டுவந்தாலும் சுத்தம் செய்து துண்டு போட்டுக் கொடுப்பேன். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மிச்சப் படிப்பையெல்லாம் பயத்திலேயே படித்தேன். கேஸ் சிலிண்டரை மூடினேனா, வெட்டிக் கொடுத்த மீனில் முள் நின்று யார் தொண்டையிலாவது சிக்கிவிடுமா, பாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் கடை என்ன ஆகும் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பாடம். எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று. மீனைக் கீறினால் உள்ளே என்ன இருக்கும் என்பது. அது தெரிந்திருந்ததுதான் என் தலைவலி.

ஆன்ட்டிக்கு எல்லாமே உறுதியாகத் தெரியும்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டுவீடு ஒன்றில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த வேலையே அவருக்கு அந்தத் திமிரைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். "ஹலோ சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவாங்கப்பா. அந்த மூச்சுலயே சொல்லிடுவேன், லைன்ல ஆம்பளயா பொம்பளயான்னு" என்பார். ஒருமுறை பாயின் கைப்பேசி கல்லாவின் மேல் கிடந்து அடித்தது. மூச்சுக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. "பொம்பள" என்றார். பாய் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். கடன் வேண்டுமா என்று கேட்கும் பதிவு செய்த குரல். பெண் குரல்தான்.

"பார்த்தியா?" என்று என்னைப் பார்த்தார் ஆன்ட்டி.

"அது மிஷின், ஆன்ட்டி" என்றார் பாய். பாய்க்கு ஆன்ட்டியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஆனாலும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார். அந்த வட்டாரத்தில் அவருக்கு வேறு பெயரே கிடையாது.

"மிஷினா இருந்தா என்ன? பொம்பள மிஷின்."

ஹொஸகோட்டை தாண்டி ஓர் ஏரி. அதைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர், தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு கரையில் உட்கார விடுவார். ஆன்ட்டி சனிக்கிழமை விடியற்காலையில் போவார். ராகி மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டைதான் இரை. அகப்படுகிற மீன்களில் பெண் மீன்களைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். ஆண் மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வருவார். தாயைக் கொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை.

எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று முதல் மாதத்திலேயே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பையிலிருந்து ஒரு கட்லாவை எடுத்துச் செவுளில் விரல் விட்டுத் தூக்கி என் மூக்குக்கு முன்னால் பிடித்தார்.

"லுக் ஹியர். கீழ்த்தாடை எப்படி மேல தூக்கிட்டு நிக்குது பாரு. இது ஆம்பள. சண்டை போடணும்ல, அதுக்காகக் கடவுள் குடுத்த தாடை. பொண்ணுன்னா வாய் சின்னதா, உருண்டையா, கீழ பார்த்துட்டு அடக்கமா இருக்கும்."

"அது ரோகு, வேற ஜாதி மீன், ஆன்ட்டி" என்றேன்.

"கட்லா, ரோகுன்றதெல்லாம் கடைக்காரங்க வெச்ச பேருப்பா. சேவல், கோழின்னு சொல்றதில்ல? அந்த மாதிரி. கட்லா எல்லாம் ஆம்பள. ரோகு எல்லாம் பொண்ணு."

பாய் அப்போது ஐஸ் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். வாளியைக் கீழே வைக்காமலே உள்ளே போய்விட்டார். ஆன்ட்டி ஆட்டோ ஏறிப் போன பிறகுதான் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"டேய், அப்படின்னா நாப்பது வருஷமா புருஷன் ஒரு ரேட்டு, பொண்டாட்டி ஒரு ரேட்டுன்னு வித்துட்டு இருக்கேனாடா நானு? அல்லா மன்னிப்பாரா?"

பாய்க்குச் சிரிப்பு. எனக்கு அது சிரிப்பாக இல்லை. ஏனென்றால் அதற்குச் சற்று முன்புதான் ஆன்ட்டியின் 'ஆம்பள' ஒன்றை நான் கீறியிருந்தேன். உள்ளே இரண்டு பக்கமும் இரண்டு சினைப் பைகள், என் முழங்கை நீளத்துக்கு. இத்தனை வயதுவரை ஆன்ட்டி எப்படி அதைப் பார்க்காமல் இருந்தார் என்றால், அவரால் ரத்தம் பார்க்க முடியாது. மீனைக் கையில் கொடுத்ததும் எதிரே பேக்கரிக்குப் போய்த் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பன்னும் டீயும் சாப்பிடுவார். நான் துண்டு போட்டுக் கழுவி, பையில் கட்டிக் கையைத் தட்டினால்தான் திரும்புவார். வீட்டுக்குப் போகும் துண்டுகளில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

கட்லாவில் பாதி ஆண், பாதி பெண், எல்லா உயிரையும் போல. மழைக்காலத்தில் பெரிய பெண் மீனாக அகப்பட்டால் சினையோடுதான் இருக்கும். முதல் தடவையே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பேக்கரியில் உட்கார்ந்திருந்த அந்த முதுகைப் பார்த்தேன். சினையை ஒரு கவரில் போட்டு, மீன் வெட்டும் கட்டைக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

இரண்டாம் வருஷம் என் மனைவி செல்விக்கு வயிற்றில் ஏழு மாதம். ஒரு சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஆன்ட்டி அவள் நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன்" என்றார். "நடையிலயே தெரியுது."

அடுத்த மாதம் நீல நிறத்தில் ஒரு தொப்பியும் காலுறையும் பின்னிக் கொண்டுவந்து கொடுத்தார். பிறந்தது பெண்.

"பையன் எப்படி இருக்கான்?" என்று அவர் கேட்ட அந்த முதல் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. பாவம், எவ்வளவு ஆசையாகப் பின்னியிருக்கிறார், இப்போது போய் இல்லை என்று எப்படிச் சொல்வது? இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

"நல்லா இருக்கான், ஆன்ட்டி" என்றேன்.

அந்த அடுத்த வாரம் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. அதுவும் நானாக வரவழைக்கவில்லை. செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். இரட்டைப் பின்னல், கம்மல், பூப்போட்ட கவுன்.

ஆன்ட்டி தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். "ஏன்ப்பா, பையனுக்கு ஏன் கவுன் போட்டு வெச்சிருக்கே?"

"பையனா? பொண்ணு, ஆன்ட்டி" என்றாள் செல்வி.

கட்டையில் இருந்த மீனுக்குப் பதில் நான் படுத்திருக்கலாம் போல இருந்தது. ஆன்ட்டி குழந்தையின் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்கே தாடையைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ம். ஜாடை பையன் ஜாடைதான்" என்றார். "நான் சொன்னதுல தப்பில்ல."

அன்று வீட்டில் செல்வி கேட்டாள்: "ரெண்டு வருஷமா என் பொண்ண ஊருக்குப் பையன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கியே, உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா? இல்ல மீன வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்டிப் போட்டுட்டியா?"

செல்வி கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அதைக் கேட்டபோது அவள் வாணலியில் வறுத்துக்கொண்டிருந்தது ஆன்ட்டியின் கட்லா சினை. வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள் போட்டுப் பொலபொலவென்று உதிர்த்து எடுப்பாள். எறிய மனசு வராமல் முதல் தடவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மகளுக்குப் பேச்சு வந்த பிறகு ஜூன் மாதம் பிறந்தால் கேட்க ஆரம்பித்துவிடுவாள்: "அப்பா, இன்னிக்கு ஆம்பள மீன் முட்டை இருக்கா?" எங்கள் வீட்டில் அந்தப் பதார்த்தத்துக்கு அதுதான் பெயர். செல்வி சிரிக்காமலே பரிமாறுவாள். எனக்கு மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் பேக்கரியில் உட்கார்ந்திருந்த அந்த முதுகு நினைவுக்கு வரும். கடவுளே, அந்த அம்மாவை ஏமாற்றித் தின்கிறோமே. ஆனால் ருசியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருமுறை கடை விடுமுறை நாளில், துணைக்கு வருகிறேன் என்று அவரோடு ஏரிக்குப் போனேன். கடையில் வைத்துச் சொல்ல முடியாததைக் கரையில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று திட்டம். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. ஆன்ட்டி, ஒரு சின்ன விஷயம்.

குத்தகைக்காரர் நஞ்சப்பா எங்களைப் பார்த்ததும் புங்க மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டார். வேறு யாருக்கும் நாற்காலி கிடையாது. ஏன் என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது. கம்பு வளைந்து, ஒரு மூன்று கிலோ ரோகு மேலே வந்தது. ஆன்ட்டி முதலில் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். காய்ந்த கையால் தொட்டால் மீனின் மேல் வழவழப்பு போய் அதற்குச் சீக்கு வருமாம். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எடுத்து, தூண்டில் முள்ளைக் கழற்றினார்.

"ஹெண்ணு, ஆன்ட்டி" என்றார் நஞ்சப்பா, பக்கத்தில் குனிந்து. "ஹெண்ணு. பாப, பிட்பிடி." பொண்ணுதான், பாவம், விட்டுடுங்க என்று கன்னடத்தில்.

அவருக்கு நிஜம் தெரியும், பத்து ஏரி பார்த்தவர். பெண் மீன் என்று விட்ட ஒவ்வொரு ரோகுவும் அவர் ஏரிக்குத் திரும்புகிறது. பிறகு வலை போட்டு அள்ளிக்கொள்ளலாம். என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். நானும் கூட்டாளி என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.

ஆனால் அந்த ரோகு ஆண். எனக்கு வயிற்றைக் கீற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மழைக்கால ஆண் மீனை லேசாக அழுத்தினாலே அடிவயிற்றிலிருந்து வெள்ளையாக வடியும். ஆன்ட்டி பிடித்திருந்த பிடியில் அது அவருடைய சட்டைக் கையில் வடிந்தது. அவர் அதைப் பார்த்தார். இதோ தெரிந்துவிட்டது, நான் சொல்லாமலே முடிந்துவிட்டது என்று என் மனசு லேசானது.

"பாவம்டி நீ" என்றார் ஆன்ட்டி மீனிடம். "பால் குடுக்கிற தாயைப் பிடிச்சுட்டேனே. போம்மா, போய்ப் பிள்ளைங்களப் பாரு."

மீன் வாலை அடித்துக்கொண்டு போனது. போகும்போது அதற்கும் அவமானமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். நான் ஒத்திகை பார்த்ததை ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். அவருடைய அப்பா ஊட்டியில் ஒரு கிளப்பில் சமையல்காரர். அங்கே மலை ஓடைகளில் டிரவுட் என்ற மீன். குளிர் தண்ணீரில்தான் இருக்குமாம். ஆண் டிரவுட்டுக்குக் கீழ்த்தாடை கொக்கி போல் வளைந்திருக்கும், பெண்ணுக்கு வாய் சிறியது. அப்பா சொல்லிக் கொடுத்தது அதுதான். ஒருநாள் இவருக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அப்பா அவசரத்தில் தாடையைப் பார்க்காமல் ஒரு மீனைப் புல்லில் வைத்துக் கீறிவிட்டார். ஆரஞ்சு மணிமணியாக முட்டைகள் புல்லெல்லாம் சிதறின. இவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓடையில் போட்டாராம், முளைக்கும் என்று.

"அப்பா அன்னிக்கு அழுதாருப்பா. நான் அவர் அழுது பார்த்தது அது ஒண்ணுதான். இந்தத் தூண்டில் ராட் அவரோடது. இதால நான் ஒரு தாயைக் கொன்னேன்னு தெரிஞ்சா, அன்னிக்கே முட்டியில வெச்சு உடைச்சிடுவேன். அப்புறம் எனக்கு சனிக்கிழமையே கிடையாது." டீயை ஒரு வாய் குடித்தார். "ஆனா அந்த நாள் வராது. நான்தான் பார்த்துப் பார்த்து எடுக்கறேனே."

ஞாயிற்றுக்கிழமை சர்ச். திங்கள் முதல் வெள்ளி வரை டிவி. சனிக்கிழமை ஏரி. அவர் வாரத்தில் இருந்தது அவ்வளவுதான். என்ன ஒரு சின்ன விஷயம் என்று நான் ஆரம்பிப்பது?

பிறகு என் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். டிரவுட்டுக்கு அவர் சொன்னது அத்தனையும் சரி. ஊட்டியில் அவர் தப்பே செய்திருக்க மாட்டார். பெங்களூருக்கு டிரவுட் வந்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

இப்படியே ஆறு மழைக்காலம் போனது. ஏழாவது மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் வைட்ஃபீல்டிலிருந்து அவர் தம்பி குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். அதற்கென்றே ஆறு கிலோவுக்கு ஒரு கட்லாவைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஆட்டோக்காரர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இவன் ஆம்பளைக்கெல்லாம் ஆம்பள" என்றார் ஆன்ட்டி. "தாடையப் பாரு, போலீஸ்காரன் மாதிரி." சொல்லிவிட்டுப் பேக்கரிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மீனின் வயிறு என்னைப் பார்த்துச் சிரித்தது. கத்தியை வைத்ததும் தானாகத் திறந்துகொண்டது. சாம்பலும் மஞ்சளும் கலந்து இரண்டு பைகள், ஒவ்வொன்றும் ஒரு பச்சைக் குழந்தையின் தொடை அளவு. இதற்கு முன் வந்ததையெல்லாம் ஒரு கவரில் தள்ளிவிடுவேன். இதற்குக் கவர் போதவில்லை. பெரிய கவர் எடுக்க உள்ளே திரும்பினேன். அதே சமயம் வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. பேக்கரியில் நாற்காலிகள் வெளியே கிடக்கின்றன என்பதை நான் யோசிக்கவில்லை. எத்தனையோ யோசிக்கிறவன், அதை மட்டும் யோசிக்கவில்லை. கவரோடு திரும்பினால், எங்கள் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே, கட்டைக்கு எதிரில், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆன்ட்டி நிற்கிறார்.

ரத்தத்தை அவர் பார்க்கவில்லை. அந்தச் சினையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னது?"

"அது... வேற மீனோடது, ஆன்ட்டி."

அவர் கட்டையைப் பார்த்தார். கீழே பார்த்தார். பக்கத்துத் தட்டைப் பார்த்தார். "வேற மீன் எங்க?"

அந்த நேரம் யாரும் வெட்டக் கொடுத்த வேறு மீனே இல்லை. என்னைப் போல் பயந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பொய்க்கு மேல் நிற்கத் தெரியாது, மொத்தமாகச் சரிந்துவிடுவோம்.

"இதுலருந்துதான் ஆன்ட்டி வந்துச்சு. இதுல மட்டும் இல்ல, ஆன்ட்டி. போன வருஷமும். அதுக்கு முந்தியும். பாதி மீன்ல இருந்துச்சு. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு... நாங்கதான் ஆன்ட்டி வறுத்துத் தின்னோம். என் பொண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும். மன்னிச்சிடுங்க ஆன்ட்டி."

"டேய், போதும்டா" என்றார் பாய், பின்னாலிருந்து, மெதுவாக.

ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்சேஞ்சில் தப்பான நம்பரைக் கேட்டவன் நேரில் வந்து நின்றிருந்தால் இப்படித்தான் பார்த்திருப்பார்.

"நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே?"

"ஏழாவது, ஆன்ட்டி."

"அதான்" என்றார்.

நான் துண்டு போட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றார். பையைக் கட்டி நீட்டினேன். வாங்காமல், சினையைக் காட்டினார்.

"அதையும் கட்டு."

தனிப் பையில் கட்டினேன். அதைக் கூடைக்குள் போடாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அந்த மழையில் ஆட்டோவுக்குப் போனார். கம்பை ஆட்டோக்காரர் வந்து எடுத்துப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. எனக்குத் தூக்கம் போனது. கம்பை உடைத்துவிட்டார். முட்டியில் வைத்து உடைத்திருப்பார், முட்டிக்கு ஏதாவது ஆகியிருக்கும். அந்த வயதில் எலும்பு சேருமா? மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நடந்தே போனேன். அவர் வீட்டு கேட்டுக்கு எதிரில், முகவரி தேடுகிறவன் மாதிரி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னறையில் குடைகள் செருகும் ஜாடி தெரிந்தது. குடைகளுக்கு நடுவில் மூங்கில் கம்பு. முழுசாக இருந்தது. உள்ளே டிவி சத்தம். மணியடிக்கக் கை வரவில்லை. திரும்பிவிட்டேன்.

நாலாவது சனிக்கிழமை, பதினொன்றரைக்கு, ஆட்டோவுக்கு மீசை முளைத்தது.

ஆன்ட்டி இறங்கினார். கூடை காலி.

"இன்னிக்கு எல்லாம் பொண்ணுப்பா" என்றார். "ஒரு ஆம்பள கூட வரல."

பேக்கரிக்குப் போய் உட்கார்ந்து பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். அதற்கடுத்த வாரமும் காலிக் கூடை. "இன்னிக்கும் பொண்ணுங்கதான்." அதற்கடுத்த வாரமும். வெட்ட மீன் இல்லாதபோது எதற்காக எங்கள் கடைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்துகிறார் என்று நான் கேட்கவில்லை. பாயும் சிரிக்கவில்லை. ஏரிக்குப் போன நாள் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போவது என்று ஒரு வழக்கமாகிவிட்டது.

புரட்டாசி வாக்கில் நஞ்சப்பா மீன் இறக்கக் கடைக்கு வந்தார். என்னைத் தனியாக இழுத்துப் போனார்.

"ஏனு மாடிதீரி நீவு ஆன்ட்டிக்கி? என்ன பண்ணீங்க அவங்கள? அஞ்சு கிலோ கட்லா, வாய் ஆகாசத்துக்குத் தூக்கிட்டு நிக்குது. அதையும் ஹெண்ணுன்னு தண்ணில விடறாங்க. எல்லாத்தையும் விடறாங்க. நான் என்ன சொல்றது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஹௌது, ஆமா ஆன்ட்டி, ஹெண்ணுதான்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்?" அவருக்கு லாபம்தான். ஆனாலும் குரலில் சந்தோஷம் இல்லை. "முன்ன மாதிரி மீன்கூடப் பேசறதும் இல்லப்பா. சும்மா விட்டுடறாங்க."

ஆக, கம்பை உடைக்கவில்லை. ஆண் என்று ஒன்றுகூட இல்லாத ஏரியில் அவர் மீன்பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அந்த வருஷம் சினை வறுக்கவில்லை. மகள் கேட்டாள். "ஆம்பள மீன் எல்லாம் தீர்ந்துபோச்சு" என்றாள் செல்வி.

மறுவருஷம் மறுபடி மழைக்காலம். ஒரு சனிக்கிழமை காலிக் கூடையோடு இறங்கியவர் பேக்கரிக்குப் போகாமல் கடைப் பக்கம் வந்தார்.

"நாளைக்கு தம்பி வர்றான். பாய்கிட்டயே ஒண்ணு எடுத்துக்கறேன். செத்த மீனுக்கு நான் பொறுப்பில்லல்ல?"

நான் ஐஸைத் தள்ளி நல்ல கட்லாவாக ஒன்றை எடுத்து, செவுளில் விரல் விட்டு, தாடை அவர் முகத்துக்கு நேரே வரும்படி தூக்கிப் பிடித்தேன். முதல் மாதத்தில் அவர் எனக்குக் காட்டினாரே, அதே மாதிரி. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். போலீஸ்காரன் என்பார், சண்டைக்காரன் என்பார். அவர் மீனைப் பார்க்கவே இல்லை. பர்ஸின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நீயே பார்த்து எடுப்பா. உனக்குத்தான் தெரியும்."

போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னதிலேயே எனக்கு மிகவும் வலித்தது அதுதான். உனக்குத்தான் தெரியுமாம். எனக்கு என்ன தெரியும்? கேஸை மூடினேனா என்றே தெரியாது.

கீறினேன். விரலை விட்டு வெளியே இழுத்தேன். வெள்ளை. பால் போல வெள்ளை, நீளமாக, வழவழவென்று இரண்டு பட்டை. முட்டை ஒன்றுகூட இல்லை. மீண்டும் உள்ளே விட்டுப் பார்த்தேன். இல்லை. ஆண். தலை முதல் வால் வரை ஆண்.

அப்படியே கையில் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினேன். ஒரு ஸ்கூட்டர்காரர் திட்டினார். தூறல் ஆரம்பித்திருந்தது.

"ஆன்ட்டி! ஆம்பள, ஆன்ட்டி! நெஜமாவே ஆம்பள!"

அவர் திரும்பினார். என் கையைப் பார்க்கவில்லை, ரத்தம் இருக்கும் என்று. என் முகத்தைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பெண்ணைப் பையன் என்று இரண்டு வருஷம் சொன்ன முகம். ஆறு மழைக்காலம் கட்டைக்குக் கீழே கவர் தள்ளிய முகம்.

"சரிப்பா" என்றார், மெதுவாக. குழந்தைகளிடம் பேசுவாரே, அந்தக் குரலில். "நீ நல்ல பிள்ளை. எனக்குத் தெரியும்."

"இல்ல ஆன்ட்டி, கையைப் பாருங்க. பாயைக் கேளுங்க..."

"சரிப்பா, ஆம்பளதான். நான் நம்பறேன்."

தட்டிலிருந்த பன்னை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"மழை வருது பாரு. போ, கையக் கழுவிட்டு வந்து சாப்பிடு."